அடுப்புக்கு மேல் கரிப்பை

1. மருந்தடிக்கும் வேலையை விட்டுவிட்டதாக அப்பா சொன்னார்.
2. அம்மாவும் நானும் நம்பினோம்.
3. ஆடி மழையில் ஒருநாள் நான் கரிப்பையை அடுப்புக்கு மேல் காயவைத்தேன்.
4. சற்று நேரத்தில் வீடு முழுக்கப் பூச்சிமருந்து நாறியது.

கட்டபெட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட் "லயத்தில்", தொழிலாளர்களுக்கான வரிசைவீடு ஒன்றில், இருந்தோம். நான் ஆறாம் வகுப்பு. தேயிலைக்கு மருந்தடித்து அடித்து அப்பாவுக்கு மூச்சு இழுத்தது. இனியும் அடித்தால் நுரையீரல் தாங்காது என்றார் டாக்டர். அப்பாவை என் தலைமேல் கைவைக்கச் சொல்லி அம்மா சத்தியம் வாங்கினார். மறுவாரமே, பேக்டரியில் தேயிலைத்தூள் காயவைக்கும் "ட்ரையர்" பக்கம் மாற்றிவிட்டார்கள் என்று சொன்ன அப்பா, தினமும் சட்டைப்பையில் ஒரு பிடி புதுத்தூளும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்தில் அதை எத்தனை பேரிடம் பெருமையடித்திருப்பேன்.

மழைக்காலத்தில் எங்கள் பக்கம் துணிப்பெட்டிக்குள் அடுப்புக்கரியைச் சின்னத் துணிப்பையில் முடிந்து வைப்போம். ஈரத்தையும் வாடையையும் அது இழுத்துக்கொள்ளும். கரி நமத்தால் அடுப்புக்கு மேலிருக்கும் மூங்கில் தட்டில் காயவைத்து மறுபடி வைப்பது வழக்கம். அப்பாவின் தகரப்பெட்டியில் மட்டும் இரண்டு பை இருந்தது. அவருக்கு உதவியாக இருக்கட்டும் என்று அன்று நானே எடுத்து வைத்தேன்.

நாற்றம் கிளம்பியதும் அம்மா பெட்டியைத் திறந்தார். அடியில் மருந்துச் சட்டை சுருட்டிக் கிடந்தது. வரும் வழியில் அப்பா சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கிறார். அப்பா உள்ளே நுழைந்தபோது அம்மா கத்தவில்லை.

"ஏனுங்க, ட்ரையர்ல தூளுக்கு மருந்தா அடிக்கறீங்க?"

அப்பா என்னைத்தான் பார்த்தார். "கரி புடிச்சு வச்சுக்கும்னு நெனச்சேன் கண்ணு."

பேக்டரியில் இடமே கிடைக்கவில்லையாம். தூள், அங்கே வேலை செய்த நண்பர் கொடுத்ததாம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன், என் தலைமேல் வைத்த கையை மட்டும் மறக்க முடியவில்லை.

இப்போது குன்னூரில் ஒரு தண்ணீர் பரிசோதனைக்கூடத்தில், கரியின் மேல் எது எவ்வளவு ஒட்டுகிறது என்று வெவ்வேறு வெப்பநிலையில் அளக்கிறேன். குளிரில் ஒட்டிக்கிடப்பது சூடேறினால் கரியை விட்டுக் கிளம்பிவிடுகிறது. அப்பாவுக்கு முதல் பாதிதான் தெரிந்திருந்தது.

அந்த விறகடுப்பு இன்று இல்லை. மூங்கில் தட்டும் தகரப்பெட்டியும் போய்விட்டன. மருந்தடிப்பதை விட்டு வருஷக்கணக்காகிறது என்கிறார் அப்பா. ஊருக்குப் போகும்போதெல்லாம் அவர் சட்டையை வெயிலில் போட்டு, சூடேறியதும் முகர்ந்து பார்க்கிறேன். இதுவரை சோப்பு வாசனைதான். அடுத்த முறையும் பார்ப்பேன்.