மூன்றாம் போர்ஷன் கதவு

என் சித்தப்பாவுக்கு யாரையும் கடிந்து பேச வராது. ஷூ கம்பெனியில் இருபது வருஷம் சூப்பர்வைசராக இருந்தும் வரவில்லை. "ஒருத்தர வீட்ட காலி பண்ணச் சொல்லணும்னா இவரு முதல்ல அவங்க வீட்லயே ரெண்டு தடவ டீ குடிச்சிட்டு வருவாரு. மூணாவது தடவ போறப்போ எதுக்குப் போனோம்னே மறந்துடும்" என்பாள் சித்தி. அப்படிப்பட்ட மனிதர்தான் ஆம்பூரில் ரயில்வே லைனுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய வீட்டை வாங்கி, வாடகைக்கு விடும் தொழிலில் துணிந்து இறங்கினார்.

வரிசையாக மூன்று போர்ஷன். சுவரைத் தொட்டால் உப்புப் பூத்த சுண்ணாம்பு அப்பளம் மாதிரி கையோடு வரும். ஊரின் உப்பான போர் தண்ணீரில் கலவை போட்டால் அப்படித்தான் ஆகும் என்று, சித்தப்பா லாரித் தண்ணீர் வரவழைத்துப் பூசினார். முதல் இரண்டு போர்ஷனிலும் டைல்ஸ், உள்ளேயே பாத்ரூம், சமையலறையில் கிரானைட் மேடை. வேலை முடிந்த வாரமே வெளியூரிலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர்கள் குடியேறிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்ததும் என்னை வண்டியின் பின்னால் ஏற்றிக்கொண்டு அங்கே போவார். நான் ஆறாம் வகுப்பு. ஸ்குரூவைக் கையில் வைத்திருப்பதும், டேப்பின் ஒரு முனையைப் பிடிப்பதும் என் உத்தியோகம்.

மூன்றாவது போர்ஷன்தான் நகரவில்லை. அதில் பழைய ஓனர் காலத்திலிருந்தே ஒரு அம்மாவும் மகளும் இருந்தார்கள். அந்த அம்மா கம்பெனியிலிருந்து ஷூவின் மேல்தோலை மூட்டையாக வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து கையால் தைத்துக் கொடுப்பார். கணவர் எங்கோ போனவர், போனவர்தான். மகள் பிளஸ் டூ. எனக்குக் கணக்கு வராதபோதெல்லாம் அந்த அக்கா சொல்லித் தருவார்.

"பரீட்சை முடியட்டும்ண்ணா. இப்ப எங்க போய் வீடு தேடறது? புருஷன் எங்கன்னுதான் முதல் கேள்வியே கேக்குறாங்க" என்பார் அந்த அம்மா.

"சரிம்மா, சரிம்மா" என்பார் சித்தப்பா. ஆனால் கம்பெனிக்குப் புதிதாக வரும் ஒரு இன்ஜினியர் குடும்பத்துக்கு அடுத்த மாதம் அந்த போர்ஷனைத் தருவதாக ஏற்கெனவே வாக்குக் கொடுத்திருந்தார். அவர்களிடமும் "சரி சார்"தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தச்சுப் பட்டறை பாயை அழைத்து வந்து, மூன்றாம் போர்ஷனின் வாசல் கதவைக் கழற்ற வைத்தார். "கீழ செல்லரிச்சிருக்கு பாரும்மா. சரி பண்ணிப் போட்டுடறேன்." கதவு உண்மையிலேயே கீழே கொஞ்சம் அரித்துத்தான் இருந்தது. தள்ளுவண்டியில் ஏற்றும்போது பாயிடம் மெதுவாகச் சொன்னார்: "அவசரம் ஒண்ணும் இல்ல பாய். மெதுவா பாருங்க." வேலைக்காரர்களை விரட்டாத நல்ல சித்தப்பா என்று பெருமைப்பட்டுக்கொண்டு, என் கையிலிருந்த ஸ்குரூக்களை எண்ணி ஒப்படைத்தேன். வயசுப் பெண்ணை வைத்துக்கொண்டு கதவில்லாத வீட்டில் ஒரு தாய் எத்தனை நாள் இருப்பாள் என்பதுதான் அவருடைய யோசனை. வாயால் சொல்ல முடியாததைச் சொல்ல அவருக்கு அந்த ஒரு வழிதான் தோன்றியிருக்கிறது. இதெல்லாம் பல வருஷம் கழித்துச் சித்தி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

புதன்கிழமை பள்ளி விட்டு வரும் வழியில் அக்காவிடம் கணக்குக் கேட்கப் போனேன். வாசலில் ஒரு புடவை கட்டித் தொங்கியது. அதன் குறுக்கே ஒரு பெஞ்ச். அந்த அம்மா வாசல் நிலையில் தலை சாய்த்து, தைத்துக்கொண்டிருந்த ஷூத் தோல் மடியிலேயே கிடக்க, உட்கார்ந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார்.

"எழுப்பாத. ராத்திரி பூரா முழிச்சிட்டு இருக்காங்க" என்றார் அக்கா.

"ஏன்க்கா?"

அக்கா புத்தகத்திலிருந்து நிமிரவில்லை. "நாய் வருது."

எனக்கு நாய் என்றால் உயிரே போய்விடும். நேராகப் பட்டறைக்கு ஓடினேன். கதவு வேறு பலகைகளுக்கு அடியில் போட்டது போட்டபடி கிடந்தது. சித்தப்பா மறந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். அவர் மறதிக்காரர் என்றுதான் சித்தி தினம் சொல்கிறாளே.

"பாய், கதவு உடனே வேணுமாம். சித்தப்பா சொன்னாரு. அக்காக்குப் பரீட்சை. நாய் வேற வருதாம்."

பாய் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "இன்னா பாப்பா, உங்க சித்தப்பாவா சொன்னாரு?"

"ஆமா பாய்."

"நாய் வருதுன்னும் அவரேதான் சொன்னாரா?"

"அது அக்கா சொன்னாங்க."

அவர் பென்சிலை மறுபடி காதில் செருகினார். அப்புறம் மேலே கிடந்த பலகைகளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகச் சாய்த்தார். "பேஜாரான நாய்ங்கம்மா. நீ வூட்டுக்குப் போ. நான் பாத்துக்கறேன்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போய் இறங்கியபோது கதவு நின்றிருந்தது. கீழ்ப்பாதி புதுப்பலகை, பச்சைப் பெயின்ட், உள்பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு தாழ்ப்பாள். சித்தப்பா வண்டியை ஸ்டாண்ட் போட மறந்து அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார்.

அந்த அம்மா வாசலுக்கு வந்தார். சாதாரணமாக அவ்வளவு உரக்கப் பேசுகிறவர் இல்லை.

"வாடகைக்கு இருக்கறவளுக்கு யாருண்ணா இவ்ளோ பண்ணுவாங்க! கைல இருந்த வேலையெல்லாம் நிறுத்திட்டு இத முதல்ல முடிக்கச் சொன்னீங்களாமே, பாய் சொன்னாரு. புள்ளைக்குப் பரீட்சைன்னு ரெண்டு தாப்பா வேற!"

முதல் போர்ஷன்காரர் எட்டிப் பார்த்தார். எதிர்வீட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா, "ஓனர்னா இப்படி இருக்கணும்" என்றார். சித்தப்பா மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தேன்.

"நான் சொல்லலையே" என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவருகே போய் அதைச் சாத்தினார், திறந்தார். கீழ்த் தாழ்ப்பாளைக் குனிந்து போட்டுப் பார்த்தார். நிமிரக் கொஞ்சம் நேரமாயிற்று.

"பரீட்சை எப்ப முடியுதும்மா?"

"அடுத்த மாசக் கடைசி ஆயிடும்ண்ணா."

"முடியட்டும். அப்புறமும் அவசரமில்ல. நீங்க இருக்கும்போதே டைல்ஸ் ஒட்டிக்கலாம்."

அந்த அம்மா சட்டென்று உள்ளே போய்விட்டார். திரும்பி வர நேரமானது. வந்தபோது கையில் டீ இருந்தது, குரல் பழையபடி தாழ்ந்திருந்தது. சித்தப்பா டம்ளரை வாங்கி, தலை நிமிராமல் குடித்து முடித்தார்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் ரயில்வே கேட் திறந்தும், பின்னால் நின்றவர்கள் ஹாரன் அடித்த பிறகுதான் அவர் வண்டியை எடுத்தார். இன்ஜினியருக்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்திருப்பார். வேறு எதையும்கூட யோசித்திருக்கலாம். எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஒரு மறதிக்காரருக்கு எவ்வளவு பெரிய உதவி செய்திருக்கிறேன்!

பின்னாலிருந்து அவர் தோளைத் தட்டிச் சொன்னேன்: "சித்தப்பா, அவங்க வீட்டு ஜன்னலும் பழசாத்தான் இருக்கு. அடுத்த வாரம் அதையும் கழட்டி பாய்கிட்ட குடுத்துடலாமா?"

அவர் வண்டியை வேகமாக முறுக்கினார். காற்றில் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று, இன்னும் உரக்கக் கேட்டேன்.