ஒன்பதாம் மாடிக்கு இரண்டு மலைவழிகள்

பாமன்கடை நாகேந்திரத்தார் கயிலாய மலையை வலம் வந்தவர். கொட்டாஞ்சேனை அருளம்பலத்தார் நேபாளத்து அன்னபூர்ணா மலைத்தொடரைச் சுற்றி நடந்து, பனிக்கணவாய் கடந்து, முக்திநாதரைத் தரிசித்தவர். முன்னவரின் மகன் பிரியந்தன் பின்னவரின் மகள் மிதுனாவை மணந்தபோது, இரு மலைகளும் சம்பந்தம் செய்துகொண்டன. அன்று தொட்டு அம்மலைகளுக்கு நிம்மதி இல்லை.

நாகேந்திரத்தார் துறைமுக அலுவலகத்தில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். அதுவரை அவர் ஏறியறிந்த ஏற்றம் அந்த அலுவலகத்து மாடிப்படி ஒன்றே. ஓய்வின் பின்னர்த் திருநீற்றுப் பையும் கம்பளிக் குல்லாவுமாகப் புறப்பட்டு, கயிலைவழியின் உச்சக் கணவாயில் மூச்சு முட்டி நின்றபோது, "பேத்தி ஒருத்தியைத் தா, பெருமானே, கயிலைநாயகி என்று பெயரிடுகிறேன்" என வாக்குக் கொடுத்தார். அதே ஆண்டில் அருளம்பலத்தாரும் தம் கணவாயில் நின்று அதே வரத்தை வேண்டி, அன்னபூரணி என்ற பெயரை நேர்ந்திருந்தார்.

பேத்தி பிறந்தாள், ஒருத்தியாக.

இருவரும் நியாயம் பிசகாதவர்கள். எவர் நடந்த வழி கடினமானதோ அவர் தவமே பலித்தது, அவரே பெயரிடத் தக்கவர் என்று மறுபேச்சின்றி உடன்பட்டனர். எவ்வழி கடினம் என்பதில் மட்டும் உடன்படவில்லை. காலைதோறும் வெள்ளவத்தைக் கடலோர வீதியில் உலாவியபடி வழக்காடினர்.

"உங்கட பாதை முழுக்கத் தேத்தண்ணிக் கடை, படுக்க அறை. அப்பிள் பை எண்ட பலகாரமும் விக்கிறாங்களாம். கடை இருக்கிற மலையும் ஒரு மலையோ, சம்பந்தியார்?" என்பார் நாகேந்திரத்தார்.

"நீங்கள் நடந்தது மூண்டு நாள். நான் ரெண்டு கிழமைக்கு மேல நடந்தனான். மூண்டு நாளில எனக்குச் சப்பாத்தே இளகேல்லை."

"என்ர கணவாய் உங்கட கணவாயைவிட உயரம்."

"உயரமாயிருந்து என்ன? உங்கட மூட்டையைச் சுமந்தது யாக் மாடு. அப்ப பேர் வைக்கிற உரிமை மாட்டுக்கெல்லோ!"

இறுதியில் பொது அளவை ஒன்று வகுத்தார்கள். ஆடிவேல் விழாவன்று செட்டியார் தெருவிலிருந்து தேரின் பின்னால் வெறுங்காலுடன் பம்பலப்பிட்டி வரை நடப்பது ஒரு வேல். நாகேந்திரத்தாரின் கணிப்பில் கயிலாயம் ஒன்பது வேல், அன்னபூர்ணா ஆறு. அருளம்பலத்தாரின் கணிப்பில் எண்கள் அவையே. மலைகள்தாம் இடம் மாறின.

முப்பத்தோராம் நாள், பிறப்புத் தீட்டாகிய துடக்குக் கழிவும் பெயர்சூட்டலும் வந்தன. குழந்தை இருந்தது வெள்ளவத்தையில், கடலை நோக்கிய அடுக்குமாடியின் ஒன்பதாம் மாடியில். அங்கே மின்தூக்கி மிதுனாவின் ஏழாம் மாதத்தில் பழுதாகி, வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய உதிரிப்பாகத்துக்காக இன்னும் தவம் கிடந்தது. இமயம் கண்ட இருவரும் குழந்தையை ஆசுபத்திரியில் பார்த்ததோடு சரி. பின்னர், துடக்கு வீடு என்று சாத்திரம் சொல்லித் தொலைபேசியிலேயே கொஞ்சி வந்தனர்.

அன்று இருவரும் பட்டுவேட்டி உடுத்து, சால்வை போர்த்து, காலில் மலைச் சப்பாத்தும் கையில் மலைக்கோலுமாகப் படியடியில் சந்தித்தனர்.

"முதல் மேல போறவர் பேர் வைக்கட்டும். கஷ்டமான மலையில பழகின கால்தான் முந்தும்," என்றார் அருளம்பலத்தார்.

"ஓம்," என்றார் நாகேந்திரத்தார். வாக்குத் தவறினால் எந்த முகத்தோடு திருநீறு பூசுவது என்ற அச்சம் அவர் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

ஆயினும் கயிலையில் எவரும் உச்சிக்கு ஏறுவதில்லை, வலமே வருவர். வலம் வராது மேலே செல்வது சிவாபராதம் என்று துணிந்த நாகேந்திரத்தார், ஒவ்வொரு மாடியிலும் பதிகம் பாடியபடி, ஓடாத மின்தூக்கியை ஒருமுறை சுற்றிவிட்டே அடுத்த படியில் கால் வைத்தார். அருளம்பலத்தாரோ, உடம்பு உயரத்துக்குப் பழகவேண்டும் என்ற மலையேறிகளின் விதிப்படி, இரண்டு மாடி ஏறி ஒரு மாடி இறங்கி இளைப்பாறினார். ஒருவர் சுற்றவும் மற்றவர் இறங்கவுமாக, ஐந்தாம் மாடியில் இருவரும் ஒருங்கே சுவரில் சாய்ந்தனர். முன்னைக் கணவாயில் முட்டிய அதே மூச்சு நாகேந்திரத்தாருக்கு இங்கும் முட்டியது. வேண்டுவதற்குத்தான் வரம் எதுவும் மிஞ்சியிருக்கவில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அங்கு நெடுங்காலமாகக் குடியிருக்கும் பலீலா எட்டிப் பார்த்தார்.

"ஐயா, நீங்க லிஃப்டச் சுத்திச் சுத்திப் பாட்டுப் படிக்கிறீங்க. இவரு மேல போறாரு, கீழ வாறாரு. ஏதும் தொலஞ்சு போச்சா?"

இருவரும் மலைக்கோலால் மேலே சுட்டினர். பலீலா இருவரையும் உள்ளே அழைத்து இருத்தி, இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுத்தார்.

தொலைபேசி ஒலித்தது. "அப்பா, எங்க நிக்கிறியள்? நல்ல நேரம் முடியப்போகுது!" என்றான் பிரியந்தன்.

"ஐஞ்சாம் மாடியில..." என்று நாகேந்திரத்தார் மூச்சு வாங்கினார். "உயரத்துக்குப் பழகிறம், தம்பி."

சற்றைக்கெல்லாம் மிதுனா குழந்தையோடு இறங்கி வந்தாள். பின்னே பிரியந்தன் திருநீற்றுத் தட்டோடு வந்தான். ஏறியவர்கள் எட்டாததனால் மலை இறங்கி வந்தது. பலீலா புதுப்பாய் ஒன்றை விரித்தார். பெயரிடுபவர் எவர் என்று பிரியந்தன் கேட்க, இருவரும் தத்தம் சப்பாத்தைப் பார்த்தனர்.

"ரெண்டு பேரும் இமயமலை போன ஆக்கள் எண்டு மிதுனா சொன்னா. பெரிய கஷ்டமாமே?" என்றார் பலீலா. "இந்தப் புள்ளயும் வயித்தோட ஒவ்வொரு நாளும் ஒஃபிசுக்கு இந்தப் படியாலதானே ஏறி எறங்கின. வந்து இருங்க மகள் எண்டு எத்தின தரம் கூப்பிட்டிருப்பன்! 'இருந்தா எழும்ப ஏலாது அன்ரி' எண்டுட்டுப் போயிருவா."

நாகேந்திரத்தார் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். கொடுத்த வாக்கு ஒருபுறம், தாமே வகுத்த நியாயம் மறுபுறம். சுமந்தவருக்கே உரிமை என்று யாக் மாட்டைச் சுட்டிச் சம்பந்தியார் சொன்னதும் நினைவில் எழுந்தது.

"சம்பந்தியார், ஆகக் கூடக் கஷ்டப்பட்டவர் பேர் வைக்கவேணும் எண்டுதானே கதைச்சனாங்கள்?"

"ஓம், கதைச்சனாங்கள்தான்," என்றார் அருளம்பலத்தார், அரைமனத்தோடு.

"எத்தினை வேல் வரும் இது?"

அருளம்பலத்தார் மகளையும் படிக்கட்டையும் மாறி மாறி நோக்கினார். "அளக்க ஏலாது," என்றார்.

நாகேந்திரத்தார் கண்களை மூடிப் பெருமானிடம் ஒரு சொல்லில் பிழை பொறுக்கக் கேட்டார். பின்பு, "பிள்ளை, நீயே வை," என்றார்.

மிதுனா குழந்தையின் காதருகே குனிந்து, "ஆழினி," என்று மூன்று முறை சொன்னாள்.

"கடலின்ர பேரோ? மலை எங்க, பிள்ளை?" என்று பதறினார் அருளம்பலத்தார்.

"உங்கட மலை, மாமான்ர மலை ரெண்டின்ர உயரத்தையும் கடல் மட்டத்தில இருந்துதானே அப்பா அளக்கினம்?"

இமயம் கண்டவர்கள் குழந்தையின் தலையைத் தொட்டு ஆசி கூறினர். கயிலைநாதரும் இதை ஏற்பார் என்று நாகேந்திரத்தாருக்குத் தோன்றியது. நெஞ்சின் முள் சற்றே இளகியது. மேலே நான்கு மாடிகள் எஞ்சியிருந்தன. விருந்துச் சோறும் அங்கேதான் இருந்தது. குழந்தையைத் தோளிற் சாய்த்து மிதுனா முன்னே ஏறினாள். பெரியவர்கள் கோலூன்றிப் பின்தொடர்ந்தனர். இம்முறை ஒருவரும் வலம் வரவில்லை. ஒருவரும் கீழே இறங்கிப் பழகவுமில்லை.