கடைசி அத்தியாயம்

மாதுங்காவில் பத்திரிகைத் தொடர்கதைகளை பைண்டு செய்து வீடு வீடாக வாடகைக்குக் கொடுப்பவர் அவர். ஒல்லி உடம்பு, தோளில் கனத்த காக்கிப் பை. ஆளின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத்தான் பைக்குள் கை விடுவார். எதிர்வீட்டு ரயில்வே குமாஸ்தாவுக்குத் துப்பறியும் கதை. படுத்த படுக்கையாகிவிட்ட என் மனைவிக்குக் குடும்பக் கதை.

அவள் போனபின், திருப்பிக் கொடுக்க எடுத்த பைண்டைப் புரட்டினேன். கடைசி அத்தியாயம் இல்லை. அவர் வந்ததும் கேட்டேன்.

"நான்தான் பிரிச்சு எடுத்தேன் சார். கதையில யாராவது செத்துட்டா மாமிக்கு ரெண்டு நாள் சாதம் எறங்காது. அதனால சாவு வர்ற கதையெல்லாம் இப்படித்தான் கொடுப்பேன்."

"முடிவு எங்கேன்னு அவ கேக்கலையா?"

"ஒரு நாளும் கேக்கலை சார்."

அந்த நாட்களில் தினமும் சாயங்காலம் நான் லோக்கல் ரயில் பிடித்து வீடு வந்ததும், அவள் படித்ததை எனக்குச் சொல்வாள். எல்லாக் கதைக்கும் முடிவு சொன்னாள். எல்லாரும் பிழைத்துக்கொண்டார்கள்.