கரண்ட் நூத்தி அறுவது

2010 மார்கழி. குமராட்சிப் பக்கத்து வாத்துப் பண்ணையிலிருந்து வேதவல்லி போன் செய்தார். இன்குபேட்டரில் சூடு ஏறவில்லை. உள்ளே ஊர்க்காரர்கள் நம்பிக் கொடுத்த முட்டைகள். ஓடு உடைய இன்னும் சில நாள்தான்.

"கரண்ட் எவ்ளோ காட்டுது?" என்றேன்.

"நூத்தி அறுவது சார்."

ஹீட்டர் நூற்று அறுபது ஆம்பியர் இழுத்தால் பண்ணையே எரிந்திருக்கும். அவர் படித்தது வோல்ட் மீட்டரை. எங்கள் பக்கம் மின்சாரம் போனாலும் கரண்ட், வோல்டேஜ் இறங்கினாலும் கரண்ட், கட்டுவதும் கரண்ட் பில். பக்கத்தில் இருந்த ஆம்பியர் மீட்டரைப் பார்க்கச் சொன்னேன். "அது ரிப்பேர் சார், ஒன்றரைலயே நிக்குது" என்றார். சிதம்பரத்தில் சர்வீஸ் வேலை பார்த்த அத்தனை ஆண்டுகளிலும் இந்தக் 'கரண்ட்' என்ற சொல்லோடுதான் மல்லுக்கட்டினேன். பையை எடுத்துக்கொண்டு மினிபஸ் ஏறினேன்.

போய்ப் பார்த்தால் மீட்டரில் கோளாறில்லை. 160 வோல்ட், ஒன்றரை ஆம்பியர். வகுத்தால் 107 ஓம் மின்தடை. ஹீட்டரின் தகட்டில் 230 வோல்ட், 1000 வாட்ஸ் என்று இருந்தது. ஆயிரத்தை 230-ஆல் வகுத்தால் 4.35 ஆம்பியர், 230-ஐ அந்த ஆம்பியரால் வகுத்தால் 53 ஓம். இருக்க வேண்டியது 53, இருப்பது அதில் இரண்டு மடங்கு.

"யாரு கை வச்சது?"

வேதவல்லி தன் கணவர் சேகரைப் பார்த்தார். சூடு பத்தவில்லையென்று அவர் அதே அளவில் இன்னொரு ஹீட்டர் காயிலை வாங்கி, முதல் காயிலின் முனையில் கோத்திருந்தார். கேட்டதற்கு அவரிடம் நியாயம் இருந்தது.

"ஒத்த மாடு இழுக்கலன்னா இன்னொரு மாடு பூட்டமாட்டமா சார்?"

"பக்கத்துல பூட்டுவீங்களா, ஒண்ணு வாலுல ஒண்ணக் கட்டுவீங்களா?"

"நல்லா கேளுங்க சார். என்னக் கேட்டா எதையும் செய்யுது இந்த ஆளு?" என்றார் வேதவல்லி.

சேகர் ஸ்க்ரூடிரைவரை எடுத்து என்னிடம் நீட்டினார்.

கணக்கு இதுதான். 160 வோல்ட்டில் ஒரு காயில் மூன்று ஆம்பியர் எடுக்கும். 160-ஐ மூன்றால் பெருக்கினால் 480 வாட்ஸ். வோல்டேஜ் மூன்றில் ஒரு பங்குகூடக் குறையவில்லை, சூடோ பாதிக்கும் கீழே. காயில் மேல் பழியில்லை. சேகர் வாலில் கட்டியதும் சூடு 240 வாட்ஸாக இறங்கிவிட்டது. இரண்டையும் பக்கம் பக்கமாக, பேரலலில் மாட்டினேன். ஆறு ஆம்பியர், 960 வாட்ஸ். வோல்டேஜ் முழுதாக வந்தால் ஒன்பது ஆம்பியர் வரை போகும். அதனால் ஒயரைத் தடியாக மாற்றி, இரண்டாவது காயிலுக்குத் தனி ஸ்விட்ச் வைத்தேன். சாயங்காலத்துக்குள் சூடு நிலைக்கு வந்தது.

குஞ்சுகள் பொரிந்தன. குளிர் பட்ட கதவோரத் தட்டில் இருந்தவை மட்டும் பொரியவில்லை. அந்த முட்டைக்காரர்களுக்குப் பதில் சொல்ல சேகர் வீடு வீடாகப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

அதற்குப் பிறகு போனில் யாரிடமும் கரண்ட் எவ்வளவு என்று நான் கேட்பதில்லை. 'வி' போட்ட மீட்டர் எவ்வளவு, 'ஏ' போட்ட மீட்டர் எவ்வளவு என்றுதான் கேட்பேன். இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கும் சொல்வது அதுவே: ஒரு மீட்டரை மட்டும் கேட்டுக் காயிலைக் குறை சொல்லாதீர்கள்.

அடுத்த மழைக்காலத்தில் வேதவல்லியே கூப்பிட்டார்.

"வி நூத்தி அம்பது சார், ஏ அஞ்சே முக்கால். வகுத்தா இருவத்தாறு வருது. ரெண்டு காயிலும் நல்லாத்தான் இருக்கு, நீங்க வர வேணாம். கரண்டுதான் கம்மி."

திருத்த வாயெடுத்தேன். "ஆமாம்மா, கரண்டுதான் கம்மி" என்று போனை வைத்துவிட்டேன்.