'பார்' விழுந்த படிவம்

படிவத்தின் தலைப்பில் ஒரு சொல்லே விழுந்துபோயிருந்தது. 'மாணவரின் எதிர்பார்ப்புகள்' என்று இருக்க வேண்டிய இடத்தில் 'மாணவரின் எதிர்ப்புகள்' என்று அச்சாகியிருந்தது. வெளிநாட்டுப் படிப்புப் பயணத்துக்குத் தேர்வான எட்டுப் பேரில் ஏழு பேர் அதைக் கண்டுகொள்ளவில்லை. 'பிற நாட்டுப் பண்பாட்டை அறிய ஆவலாக உள்ளேன்' என்று ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதி நீட்டிவிட்டார்கள். எட்டாவது ஆள் மட்டும் படிவம் கேட்டதற்குப் பதில் எழுதினாள்.

வகுப்பில் அவளுக்குக் குறுக்குக்கேள்வி என்று பெயர். தண்ணீர் வழங்கல் படிப்பில் மூன்றாம் ஆண்டு. அம்மா குடிநீர் நிலையத்தில் பம்பு இயக்குபவர். பள்ளிக்கூடம் விட்டதும் மகள் அங்கேதான் வந்து உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள். ஏழாவது படிக்கும்போது, மூன்றாம் நம்பர் பம்பு இருமுகிறது என்றாள். மெக்கானிக் சிரித்தார். மறுவாரமே பேரிங் போனது. அதன்பின் அவர் சிரிப்பதை நிறுத்திக்கொண்டார். அவள் கேட்பதை நிறுத்தவில்லை.

போகப்போகிற ஊரில், பூமிக்குள் குழாய் உடைந்தால் தோண்டாமலே காதால் கேட்டு இடத்தைச் சொல்லிவிடுகிறார்களாம். ஒரு கம்பியைத் தரையில் ஊன்றி, மறுமுனையில் காதை வைக்கிறார்கள். அந்தக் கம்பியில் தன் காதையும் ஒருமுறை வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு வருடமாக அவளுக்கு இதே நினைப்பு. சித்தியோ பனி பெய்யுமா, கம்பளிச் சட்டை வேண்டுமா என்று தெரு முழுக்க விசாரித்து, யாரிடமோ பெட்டியும் இரவல் வாங்கி வைத்துவிட்டாள்.

பயண நிரல் வந்ததும் அவளுக்குச் சுர்ரென்றது. பன்னிரண்டு நாளில் தண்ணீர் நிலையத்துக்கு இரண்டே மணி நேரம், அதுவும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று. மிச்சமெல்லாம் படகு, கடைவீதி, குரூப் போட்டோ. கேள்விகளைத் தவிர்க்கவும், நன்றியுரை போதும் என்று அடியில் ஒரு குறிப்பு. மாணவிகள் ஆறு மணிக்குள் அறைக்குத் திரும்ப வேண்டும், மாணவர்கள் ஒன்பதுக்குள். எல்லாவற்றையும் எதிர்த்து ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பயணப் பொறுப்பாளர் கூப்பிட்டு அனுப்பினார். கையெழுத்துக்காக இரண்டு மாதம் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து அரை ஆளாகியிருந்த மனிதர். பன்னிரண்டு மணிக்குள் எட்டுப் படிவமும் அந்த வெளிநாட்டு நிலையத்துக்கு மெயிலில் போயாக வேண்டும்.

"பிரிண்டிங் தப்புன்னு உனக்குத் தெரியலையாம்மா?"

"தெரிஞ்சுது சார். ஆனா நல்ல கேள்வியா இருந்துச்சு. எங்களை யாரும் அப்படிக் கேட்டதே இல்ல."

அவர் புதுப் படிவம் ஒன்றை எடுத்து, தலைப்பில் 'பார்' என்று பேனாவால் செருகி நீட்டினார். ஒழுங்காக எழுதாவிட்டால் அவள் இடம் காத்திருப்புப் பட்டியலில் முதலில் இருக்கும் பையனுக்குப் போய்விடும் என்றார்.

வராந்தாவுக்கு வந்து அம்மாவுக்குப் போன் போட்டாள். பம்பு இரைச்சலுக்கு நடுவே விஷயத்தைக் கத்திச் சொல்ல வேண்டியிருந்தது. இடம் போய்விடும் என்பதை இரண்டு தடவை சொன்னாள்.

"நீ எழுதினதுல பொய் இருக்கா?" என்றாள் அம்மா.

"இல்லம்மா."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்குற? வால்வு திருப்பணும், வை."

ஜன்னல் திண்டில் படிவத்தை வைத்து எழுதினாள். இரண்டு மணி நேரம் போதாது என்றிருந்தது, மூன்று நாள் எதிர்பார்க்கிறேன் என்று ஆனது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்க எதிர்பார்க்கிறேன். குழாய் பழுதுபார்க்கும் குழியில் இறங்க, கம்பியில் காது வைக்க, கேள்வி கேட்க, அவர்கள் கேட்டால் பதில் சொல்ல எதிர்பார்க்கிறேன். ஒன்பது மணிக்குத் திரும்ப எதிர்பார்க்கிறேன்.

அவர் படித்தார். "இது அதேதானே?"

"இல்ல சார். அது எதிர்ப்பு. இது எதிர்பார்ப்பு. நீங்க போட்டுக் குடுத்த 'பார்'தான்."

அவர் போனை எடுத்து அந்தப் பையனைக் கூப்பிட்டார். மணி அடித்துக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவள் நாற்காலி முதுகைப் பிடித்தபடி நின்றாள். வாயைத் திறந்தால் மன்னிப்புக் கேட்டுவிடுவோமோ என்று பயமாக இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்தப் பக்கம் பையன் ஏதோ இழுத்தான். பாஸ்போர்ட் இன்னும் கைக்கு வரவில்லையாம்.

போனை வைத்தவர், ஆறு மணி விதி நம் கல்லூரி போட்டது, அதை அங்கே எழுதி மானத்தை வாங்காதே என்றார்.

"அப்ப இங்கேயே மாத்திடுங்க சார். நானும் அந்த வரியை அடிச்சிடறேன்."

அவர் அவளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். நிரலில் ஆறை அடித்து ஒன்பது என்று எழுதிச் சுருக்கொப்பமிட்டார். அவளும் அந்த ஒரு வரியை அடித்தாள். பிறகு அவர் மேஜை அதிர முத்திரை குத்தினார். வம்பு வந்தால் தான் பொறுப்பில்லை என்றும் சொல்லி வைத்தார்.

பத்து நாள் கழித்து அங்கிருந்து பதில் வந்தது. மூன்று நாளைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. குழியில் இறங்க விரும்பும் மாணவியின் பூட்ஸ் அளவு என்ன என்று மட்டும் கேட்டிருந்தார்கள்.

அவள் அன்று மதியமே வகுப்பில் ஒவ்வொருவராகப் பிடித்து, எட்டுப் பேரின் கால் அளவையும் எழுதி அனுப்பினாள்.