காரீயம் அரைத்த பிளெண்டர்

என் மனைவி இரசாயனவியல் ஆய்வாளர். காரீயத்தை, அதாவது கிராஃபைட்டை, ஓர் அணுத் தடிமனுள்ள தாள்களாக உரிப்பது அவளுடைய வேலை. கடும் அமிலங்கள் தேவைப்படாத வழி ஒன்றை இப்போது மேம்படுத்தி வருகிறாள். அதற்கு வேண்டியவை: தண்ணீர், பாத்திரம் கழுவும் திரவம், எங்கள் வீட்டு பிளெண்டர்.

நேற்று பிளெண்டர் புகைவிட்டு நின்றது. ஆய்வு மாதிரி திங்கட்கிழமை கொழும்புக்குப் போயாக வேண்டும்.

உத்தரவாதக் காலம் இன்னும் முடியாததால், இன்று காலை அதைத் தூக்கிக்கொண்டு, வாங்கிய துறைமுகப் பக்கத்துக் கடைக்குப் போனோம். கடைக்காரர் கிண்ணியா ஊர்க்காரர்; எல்லாருக்கும் அவர் 'நானா', அண்ணன். ஜாடியின் கறுப்பைப் பார்த்தார்.

"என்ன மகள் அரைச்ச நீங்க?"

"காரீயம், நானா. பென்சிலுக்குள்ள இருக்கிறது."

"எவ்வளவு நேரம்?"

"விடிய தொடங்கி மத்தியானம் மட்டும்."

நானா என்னை அனுதாபத்தோடு பார்த்தார்.

"சமையல் சாமான் அரைச்சாத்தான் கம்பனி மாத்தித் தரும், மகள். மாசிச் சம்பல் எண்டு சொல்லுங்க. மாசிக் கருவாடு கல்லு மாதிரி. உடனே நம்புவாங்க."

"பொய் சொல்ல ஏலாது நானா. நான் விஞ்ஞானி."

"அப்ப புதுசு தர எனக்கும் ஏலாது."

திங்கட்கிழமையை நினைத்துக்கொண்டேன்.

"நானா, சம்பல் அரைச்சது நான்," என்றேன். "மாசி கொஞ்சம் கூடப் போட்டிட்டன்."

மனைவி திரும்பி நின்று, கண்ணாடி அலுமாரியில் இருந்த கேத்தல்களை மிகுந்த ஆர்வத்தோடு பார்க்கத் தொடங்கினாள்.

புதிய பிளெண்டர் இப்போது குசினியில் காரீயத்தை உரித்துக்கொண்டிருக்கிறது. விஞ்ஞானம் உண்மையால்தான் வளர்கிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. சாமான் வாங்கிக் கொடுக்கத்தான் வேறு ஆள் வேண்டியிருக்கிறது.

உங்கள் வீட்டில் உண்மை பேசுவது யார், கடையில் பேசுவது யார்?