நொட்டையார் பார்த்த படங்கள்

குப்பை என்று ஒரு படத்தைத் திட்டுகிற மனிதர், அதே படத்தை ஏன் இரண்டு தடவை பார்க்க வேண்டும்?

தையலக்கா கேட்ட இந்தக் கேள்விக்கு அன்று சலவைக்கூடத்தில் இருந்த யாருக்கும் விடை தெரியவில்லை. இதை எழுதுகிறவனுக்கும் தெரியவில்லை. திட்டியவர் மட்டும் விரிப்பின் இரண்டு நுனிகளையும் பிடித்து ஓர் உதறு உதறிவிட்டு, "குப்பைதானான்னு உறுதி பண்ணிக்க வேணாமா?" என்றார்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் பத்திரமாக இருக்கிறது. கூடத்தில் அவர் நொட்டையார்தான். எதைக் காட்டினாலும் அதில் ஒரு நொட்டை சொல்வார். வெள்ளையைக் காட்டினால் பழுப்பு என்பார், பழுப்பைக் காட்டினால் இதையா வெள்ளை என்று ஏமாற்றினீர்கள் என்பார். ஒடிசலான ஆள். தேநீரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்தால் துடைக்க மாட்டார். கையில் விரிப்போடு அப்படியே நிற்பார். "அதுவா வந்துச்சு, அதுவா போவும். நாம எதுக்கு நடுவுல?" என்பார். கண்ணாடி தெளியும்வரை அவர் எங்கே பார்க்கிறார் என்று யாருக்கும் தெரியாது.

பெரிய மருத்துவமனை ஒன்றின் பின்பக்கத்தில், தரைக்குக் கீழே பாதி இறங்கியிருக்கிறது அந்தக் கூடம். ஜன்னல்கள் உச்சியில் இருப்பதால் வெளியே போகிறவர்களின் கால்கள் மட்டும் தெரியும். மத்தியான வெயில் அந்தக் கால்களின் நடுவே சரிந்து இறங்கி, ஆவியில் கலந்து, பால் போல ஆகிவிடும். டிரையரிலிருந்து எடுத்த விரிப்புகள் கூடைகூடையாகச் சூடாக வந்து இறங்கும். மடிப்பதற்கு முன் நொட்டையார் ஒவ்வொரு குவியலின் மீதும் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. ஈரம் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நேரத்தில் அங்கே வேலை செய்கிறவர்கள் எல்லாருக்கும் பாதித் தூக்கத்தில் நடக்கிற ஓர் உணர்வு வரும்.

மடிப்பில் தையலக்கா அவருக்கு ஜோடி. கிழிந்த விரிப்புகளைத் தைப்பது அவள் வேலை. தைக்க ஒன்றும் இல்லாதபோது மடிக்க வந்துவிடுவாள். ஆளுக்கு இரண்டு நுனி பிடித்து, உதறி, நீளவாக்கில் ஒரு மடிப்பு மடித்து, எதிரெதிராக நடந்து வந்து நுனியோடு நுனி சேர்ப்பார்கள். சேர்கிற அந்த நொடியில்தான் பேச்சு காதில் விழும். விலகிப் போனால் இயந்திரச் சத்தம் எல்லாவற்றையும் தின்றுவிடும். ஆகவே நொட்டையார் முந்தின நாள் வீட்டில் பார்த்த படம் அவளுக்குத் துண்டு துண்டாகத்தான் வந்து சேரும். ஒரு விரிப்புக்கு ஒரு காட்சி. கிட்டே வரும்போது ஒருவன் கதவைத் தட்டுவான். அடுத்த விரிப்பில்தான் கதவு திறக்கும்.

நடுவில் விழுங்கப்பட்ட இடங்களை அவளே நிரப்பிக்கொள்வாள். அவர் சொன்ன படம் ஒன்றையும் அவள் பார்த்ததில்லை. அவள் வீட்டு டிவி முழுக்கப் பிள்ளைகளின் ராஜ்ஜியம். ஆனாலும் வீடு திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் கண்ணை மூடினால், யாரோ ஒருத்தி உறைந்த ஏரியின் மேல் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போவாள். அது நொட்டையார் சொன்ன படமா, தான் கண்ட கனவா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது. பிரிக்க வேண்டும் என்றும் தோன்றியதில்லை.

கதை முடிந்ததும் நொட்டை ஆரம்பமாகும்.

"மூணு நாளா மழைல நனைஞ்சுகிட்டே வர்றான். சட்டைக் காலர் மடங்கல. எங்க கஞ்சி போட்டான்னு கடைசி வரைக்கும் சொல்லவே இல்ல."

"அழறா, அழறா, அப்படி அழறா. மூக்கு செவக்க வேணாமா? லிப்ஸ்டிக்தான் செவந்திருக்கு."

"ஆஸ்பத்திரி சீனாம். ஆறு மாசமா நெனவில்லாம கெடக்கான், பெட்ஷீட்ல இஸ்திரிக் கோடு கத்தி மாதிரி நிக்குது. அந்த ஆஸ்பத்திரில வேலை காலி இருக்கான்னு விசாரிக்கணும்."

"ஏண்ணே?"

"யாரும் பொரளாத எடம்மா. நமக்கு வேலையே இருக்காது."

கொதிகலனைப் பார்த்துக்கொள்கிற பாய்லர்காரர் அவருக்குச் சமவயது. அதனால் அவருக்கு மட்டும் திருப்பித் திட்டும் உரிமை உண்டு. "யோவ், உனக்குப் புடிக்கிற மாதிரி படம் எடுக்கணும்னு ஒருத்தன் கெளம்பினா, வீட்ட வித்துட்டு ஓடிடுவான்யா."

"எடுக்கட்டும். அந்த வீட்ட விக்கிற சீன எப்படி எடுக்கறான்னு பாப்போம்."

எல்லாரும் சிரிப்பார்கள். தையலக்காவும் சிரிப்பாள். ஆனால் ஜோடியாக மடித்தவள் என்பதால் மற்றவர்கள் பார்க்காத ஒன்றை அவள் பார்த்திருந்தாள். திட்டு கடைசியில்தான் வரும். அதற்கு முன்னால், கதையைச் சொல்லும்போது, அவர் குரல் இறங்கிவிடும், நடை தளரும். கடைசி ரயிலும் போன பிறகு ஒரு கிழவன் ஸ்டேஷன் விளக்குகளை ஒவ்வொன்றாக அணைக்கிற காட்சியைச் சொன்ன அன்று, விரிப்பு கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடி முழுக்க ஆவி. அது தெளிவதற்குக் காத்திருந்துவிட்டுத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "குப்பை" என்றார்.

பிறகு டிரையர் ஒன்று பழுதாகிக் கூடம் பாதி அடங்கியிருந்த ஒரு நாளில் அவள் மறுபடியும் கேட்டாள். "அண்ணே, விளையாட்டில்லாம சொல்லுங்க. புடிச்ச படத்த ஏன் திட்டறீங்க?"

அவர் மடித்ததைத் தடவிக்கொண்டே நின்றார். "நல்லாருக்குன்னு சொன்னா ஒரு வார்த்தைல முடிஞ்சிடும்மா."

அதற்குப் பின்னால் இருந்ததை அன்று சாயங்காலம்வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார், படம் சொல்கிற அதே கணக்கில்.

அவருக்கு ஒரே மகன். வேறோர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக். சின்ன வயதிலிருந்து அப்பாவுக்கும் பிள்ளைக்கும் நடுவே பேச்சைச் சுமந்தவள் அம்மா. 'அப்பா கேக்கறாரு' என்று இந்தப் பக்கம், 'அவன் கேக்கறான்' என்று அந்தப் பக்கம். மகன் வேலைக்குப் போன பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் போன் வரும். நொட்டையார் எடுப்பார். "இரு, அம்மாகிட்ட குடுக்கறேன்." அவர் வசனம் அவ்வளவுதான். அம்மாவும் மகனும் பேசுவதெல்லாம் படம். அவரவர் வீட்டில் பார்த்ததை அடித்துப் பேசி, கெக்கெக்கே என்று சிரிப்பார்கள். இவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே விரித்து வைத்துக்கொண்டு, ஒரு வரி படிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்.

போன வருஷம் மனைவி இறந்துபோனாள். அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் போனை எடுத்து, "இரு, அம்மாகிட்ட" என்று தொடங்கிவிட்டார். மிச்சத்தை விழுங்கினார்.

அதன் பிறகு வாரா வாரம் ஒரே பேச்சு. சாப்ட்டியா? ம். வேலை? போகுது. சரி, வெச்சிடறேன். "பேசி முடிச்சு போனப் பாத்தா, அதுல வெளிச்சம்கூட அணைஞ்சிருக்காதும்மா" என்றார் நொட்டையார். இப்படியே போனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வராது, அதைத் தானும் கவனிக்காமல் விட்டுவிடுவோம் என்ற பயம் அவருக்கு வந்துவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டிவியை நிறுத்தாமல் போனை எடுத்தார். மனைவி உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து, அவள் பார்க்கிற நேரத்தில், ஏதோ ஒரு படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அந்தப் படமாப்பா ஓடுது?" என்றான். கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல, "என்னமோ ஓடுது. குப்பை" என்றார்.

"குப்பையா? அதுல என்னப்பா குப்பை? சொல்லுங்க பாப்போம்."

மகன் விடவில்லை. இவரும் விடவில்லை. அடுப்பில் வைத்த தண்ணீர் வற்றிப் பாத்திரத்தின் அடி கறுத்துப் புகை வந்தது. "வீடே பத்திக்கிட்டிருந்தாலும் அன்னிக்கு நான் வெச்சிருக்க மாட்டேன்மா."

அன்றிலிருந்து அவருக்கு எந்தப் படமும் பிடிக்கவில்லை. மகன் சொல்கிற படத்தை வாரத்துக்குள் பார்த்துவிடுவார். பிடித்துப்போனால் இன்னொரு தடவை பார்ப்பார், நொட்டை தேடுவதற்காக. கண்டுபிடித்ததைக் கூடத்தில் சொல்லிப் பார்ப்பார். யாராவது சிரித்தாலோ சண்டைக்கு வந்தாலோ அது ஞாயிற்றுக்கிழமைக்குத் தேறும். "அரை மணி நேரம் என்னைத் திட்டுவான்மா" என்றார். பிள்ளை பரீட்சையில் முதலாவதாக வந்ததைச் சொல்வதுபோல இருந்தது அது.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் படகுப் படம் வந்து சேர்ந்தது.

ஒரு பெரிய ஆறு. எப்போதும் மூடுபனி. ஒருத்தி படகு ஓட்டுகிறாள். ஏறியவர்களை அக்கரையில் இறக்கிவிட்டுத் திரும்புகிறாள். அக்கரையை அவள் ஒருநாளும் சரியாகப் பார்த்ததில்லை. இறங்கியவர்கள் இரண்டு அடி வைத்ததும் வெள்ளையில் கரைந்துவிடுவார்கள். ஒரு நாள் படகைக் கட்டிவிட்டு அவளே இறங்குகிறாள். கதை இவ்வளவுதான். இதைச் சொல்ல நொட்டையாருக்கு மூன்று கூடை விரிப்பு ஆயிற்று. எதிரே வரும்போதெல்லாம் அவர் பனிக்குள்ளிருந்து வருவதுபோலவே தையலக்காவுக்கு இருந்தது. கடைசி நுனி சேர்ந்தது. அவள் காத்திருந்தாள்.

"நொட்டை எங்கண்ணே?"

"இல்லம்மா" என்றார். குரலில் கலவரம். "ரெண்டு தடவ பாத்துட்டேன். ஒண்ணுகூட இல்ல. ஞாயித்துக்கெழம வருது."

அந்த வாரம் கூடமே அவருக்காக நொட்டை தேடியது. பாய்லர்காரர், "மூடுபனில எடுத்தா செட்டு செலவு மிச்சம், அதச் சொல்லு" என்றார். படத்தைப் பார்க்காத தையலக்காவுக்குத்தான் உருப்படியான ஒன்று தோன்றியது. "அவ சாப்பிடவே இல்லையேண்ணே. நீங்க சொன்னதுல ஒரு வாய்கூட சாப்பிடல."

அவர் முகம் மலர்ந்தது. "சாப்பாடு. நல்ல பாயின்ட்டு. ஒரு பத்து நிமிஷம் தாங்கும்."

மருத்துவமனை விரிப்புகளுக்கு ஞாயிறு கிடையாது. முறை வேலை விழுகிற ஞாயிறுகளில், மத்தியான இடைவேளையில் போன் வந்தால் அவர் பின்வாசலுக்குப் போய்ப் பேசுவார். அந்த ஞாயிறும் அவருக்கு வேலை, வெளியே மழை. மடிப்பு மேசை ஓரத்திலேயே நின்றுகொண்டார். இயந்திரச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஸ்பீக்கரில்தான் போட வேண்டும். இயந்திரங்கள் நின்றிருந்தன. மற்றவர்கள் தேநீர் டம்ளரைப் பார்த்துக்கொண்டு, கேட்காதவர்கள்போலக் கேட்டார்கள்.

"அப்பா, படகுப் படம் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"நானும் பாத்தேன். குப்பைப்பா."

நொட்டையார் போனைத் தூக்கிப் பார்த்தார், யாருடையதையோ மாற்றி எடுத்துவிட்டவர்போல. "என்னது?"

"சரியான குப்பை. ரெண்டு மணி நேரமும் பனிதான். ஒண்ணுமே நடக்கல. அவ ஒரு வாய்கூட சாப்பிடலப்பா."

தையலக்கா தலையில் கையை வைத்துக்கொண்டாள். கையிருப்பில் இருந்தது அது ஒன்றுதான். இப்போது 'ஆமா' என்று சொன்னால் அத்தோடு தீர்ந்தது. பிறகு சாப்பிட்டாயா, வேலை எப்படி, வைத்துவிடுகிறேன்.

"இல்லடா" என்றார்.

"என்ன இல்ல?"

"குப்பை இல்ல." போனைக் கிட்டே பிடித்துக்கொண்டார். "அவ எதுக்குடா சாப்பிடணும்? அந்த மாதிரி பனிக்குள்ள இருக்கறப்ப பசிக்காது. எனக்குத் தெரியும். கடைசில எறங்குறா பாரு. காலை வெக்கறதுக்கு முன்னாடி ஒத்த வெரலால தண்ணியத் தொட்டுப் பாக்கறா. உங்கம்மா அப்படித்தான்டா. எத்தன வருஷம். குளிக்கப் போறப்பல்லாம் வாளித் தண்ணிய ஒத்த வெரலால தொட்டுட்டுத்தான்." நிறுத்தினார். அவளைப் பற்றி அவர்கள் இருவரும் பேசியது அதுவே முதல் தடவை. "நல்ல படம்டா. ரொம்ப நல்ல படம்."

மகனின் குரல் இறங்கிவிட்டது.

"எனக்கும் புடிச்சுதுப்பா."

"அப்புறம் ஏன்டா குப்பைன்ன?"

"நான் நல்லாருக்குன்னா நீங்க குப்பைம்பீங்க. அதான் மாத்திப் போட்டுப் பாத்தேன்." மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "நீங்க எதையும் நல்லாருக்குன்னு சொல்லி நான் கேட்டதே இல்லப்பா. ஒரு தடவ கேக்கணும்போல இருந்துச்சு."

சண்டை போட ஒன்றும் மிச்சமில்லை. பேசவும் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு பேரும் வைக்கவில்லை. மேலே ஜன்னலில் கால்கள் நனைந்துகொண்டே போயின. மகன் ஊரில் எங்கோ ஒரு பிரஷர் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. அதையும் நொட்டையார் கேட்டார்.

இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காத பாய்லர்காரர் இயந்திரங்களின் சுவிட்சின் மேல் கையை வைத்தார். நொட்டையார் திரும்பிப் பார்க்கவில்லை. போன் இல்லாத கையை மட்டும், ஓடுகிற பஸ்ஸை நிறுத்துகிறவர்போல, உள்ளங்கை தெரிய உயர்த்திப் பிடித்தார். பாய்லர்காரர் சுவிட்சிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

படிக்கிறவர்களே, இதை உங்களுக்குத் தெரிந்த ஓர் அப்பாவுக்கும் ஒரு பிள்ளைக்கும் சொல்லிவிடுங்கள். தனித்தனியாகச் சொன்னாலும் போதும்.